ரிலாக்ஸ் என்ற கெட்ட வார்த்தை

ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் 'ரிலாக்ஸ்' என்பது திட்டுகிற வார்த்தை. தையல் லைனில் யாராவது வலிக்கிற கையை உதறினால்கூட சூப்பர்வைசர், "இன்னா, ரிலாக்ஸா?" என்பார். தைத்து வருவதைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிள் என்னுடையது. டிகிரி முடித்தவள், கொஞ்சம் இங்கிலீஷ் வாசிப்பேன் என்பதால் இப்போது சொல்லப் போகிற அசிங்கத்துக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த முதல் பத்தாண்டு முடிகிற சமயம் அது. முதலாளியின் மருமகன் வெளிநாட்டிலிருந்து ஒரு தலைப்பட்டை வாங்கி வந்திருந்தார். நெற்றியில் மாட்டினால் மூளை ஓடுவது லேப்டாப்பில் தெரியுமாம். அங்கே கடையில் விளையாட்டுச் சாமானாக விற்கிறதாம். இங்கே அதைத் தையல்காரப் பெண்களுக்கு மாட்டி, யாருக்குக் கவனம் அதிகம் என்று பார்த்து லைன் லீடர் ஆக்கப் போகிறாராம். மாட்டிக்கொள்ளச் சம்மதமா என்று ஒருத்தியையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

மாட்டிவிட்டதே நான்தான். ஒருத்தியின் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் துடைக்காமலே அடுத்தவள் நெற்றிக்குப் போயிற்று. தோல் பதனிடுகிற ஷாப் நாற்றத்திலேயே வளர்ந்தவள் நான், சுலபத்தில் மூக்கைச் சுளிக்க மாட்டேன். அந்தப் பட்டையை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது.

பதினைந்து வருடமாகத் தைக்கிற ஓர் அக்கா இருந்தாள். லீடர் வேலை அவளுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். பட்டை நெற்றியில் ஒட்ட வேண்டும் என்று பொட்டை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள்.

திரையில் இரண்டு கோடுகள். ஒன்று கவனம். இன்னொன்றின் கீழே இங்கிலீஷில் 'ரிலாக்ஸ்' என்று இருந்தது. அவளுக்கு அந்த இரண்டாவது கோடு மேலே ஏறி அங்கேயே நின்றது. என்னம்மா போட்டிருக்கிறது என்று சூப்பர்வைசர் கேட்டார். இருந்ததை அப்படியே வாசித்தேன். லைன் முழுக்கச் சிரித்தது. மனசு அமைதியாக இருக்கிறது என்று அர்த்தம், நாம் சொல்கிற ரிலாக்ஸ் இல்லை என்று விளக்க அரை நிமிஷம் போதும். மருமகன் பக்கத்தில் நின்றதால் வாயை மூடிக்கொண்டேன். த்தூ.

தைக்கும்போது மனசில் இன்னா ஓடுது என்று நாற்பது பேர் முன்னால் சூப்பர்வைசர் கேட்டார். அக்கா இரண்டு தரம் மழுப்பினாள். அவர் விடவில்லை.

"இந்த மிஷின்ல உக்கார்ற நேரம் மட்டும்தான் சார் எனக்கு நிம்மதி. வீட்ல கெடையாது."

அவள் புருஷன் அதே கம்பெனியில் தோல் வெட்டுகிற கட்டிங்கில் இருந்தான். மதியச் சாப்பாட்டுக்குள் அவன் காதுக்குப் போய்விட்டது. லீடர் வேலை வேறொருத்திக்குப் போனது. பத்து நாளில் பட்டை பழுதாகி, மருமகனும் அதை மறந்துவிட்டார்.

அக்கா அதற்கப்புறம் புருவத்தைச் சுருக்கி, பல்லைக் கடித்துக்கொண்டுதான் தைத்தாள். ஒருநாள் நான் பக்கத்தில் போனபோது தலை நிமிராமல் கேட்டாள்.

"இப்ப எம் மூஞ்சில ஒண்ணும் தெரியலல்ல?"

தெரியவில்லை என்றேன். பொய். எல்லாமே தெரிந்தது.