எல்லை வளைவில் கழற்றிய செருப்பு

இன்று காலை சின்னாளப்பட்டியிலிருந்து திண்டுக்கல் வரும் டவுன் பஸ்ஸில், பக்கத்து சீட்டு அம்மா போனில் மகனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். முக்திநாத் யாத்திரைக்கு அம்மாவின் பெயரைக் கொடுக்க மகன் மறுத்துவிட்டான்.

"பாஸ்போர்ட் இல்லாம நேபாளம் போனா புடிச்சு உள்ள வச்சுருவாங்களாம்க்கா" என்றார் என்னிடம், கண்ணைத் துடைத்தபடி.

"யாரு சொன்னா? ஓட்டர் கார்டு போதும். நானும் எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் போனோம்."

கோரக்பூரில் பஸ் ஏறி சுனௌலியில் இறங்கினோம். அங்கிருந்து எல்லைக்கு நடைதான். எதிரே அடுக்குக் கூரையோடு பெரிய வளைவு. கோயில் வாசல் என்று நினைத்து இருவரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார். நேபாளத்துப் போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே எங்கள் கார்டைப் பார்த்து அனுப்பினார்.

"வெளிநாட்டுக்கு வெறுங்காலோட வந்தவ நீ ஒருத்திதான்" என்று என் வீட்டுக்காரர் அடுத்த பஸ் ஏறும்வரை என்னைக் கேலி செய்தார், தன் செருப்பும் கையில் இருப்பதை மறந்து.

அவர் இப்போது இல்லை. அவர் போனபிறகு இதைச் சொல்லி நான் சிரித்தது இன்றுதான்.

அந்த அம்மா உடனே மகனைக் கூப்பிட்டார். "ஏலே, இங்க ஒரு அக்கா போயிட்டே வந்துட்டாங்க. பேரக் குடு. நான் போறேன்!"

பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏக்கா, அந்த எல்லைல இட்லி கெடைக்குமா?"

முக்திநாதா, இதற்கு நான் என்ன சொல்ல! சமீபத்தில் போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.