சிவப்புத் தேனுக்கு எந்தப் பூ?

தொண்ணூறுகளின் நடுவில், மலேசியாவில் தம்பின் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நானும் அண்ணியும் காலையில் பால்மரம் சீவினோம், மதியத்துக்கு மேல் தேனீ வளர்த்தோம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்குப் பின்னால், தென்னைகளுக்கு அடியில் ஆறு பெட்டிகள். சிரம்பான் டவுனில் இயற்கைப் பொருள் விற்கும் கடைக்காரர் எங்கள் தேனை ருசி பார்த்தார். ரசாயனம் படாத தேன் என்று சான்றிதழ் வாங்கி வந்தால், எடுக்கும் தேனையெல்லாம் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போதே அண்ணி, லேபிளில் என்ன படம் போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

சான்றிதழுக்காகச் சோதனைக்கு வந்தவர் ஒரு சீனப் பெண்மணி. பெரிய தொப்பி போட்டிருந்தார், மலாயில் பேசினார். பெட்டிக்கு அடித்திருந்த பச்சைப் பெயிண்ட் ஆகாது என்றார். புகை போடும் சாக்கை மோந்து பார்த்து, இது உரச் சாக்கு என்றார். உண்மைதான். மழைக்காலத்தில் சீனிப்பாகு வைப்பீர்களா என்று கேட்டபோது மட்டும் நாங்கள் நெஞ்சை நிமிர்த்தினோம். ஒரு கரண்டிகூட வைத்ததில்லை என்றோம்.

அவர் ஒரு போத்தலை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தார். தேன் ரோஜா நிறத்தில் சிவந்திருந்தது. உசத்தியான தேன் என்று நாங்கள் தனியாக எடுத்து வைத்திருந்தது அது. எந்தப் பூ என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் வருவதற்குள் கண்டுபிடித்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

பெயிண்டைச் சுரண்டினோம். சாக்குக்குப் பதில் தேங்காய் நார் சேர்த்தோம். பூவைத்தான் காணோம். ஞாயிற்றுக்கிழமை அண்ணி கோதுமை மாவைத் துணியில் முடிந்து வந்து, பெட்டி வாசலில் கிளம்பும் தேனீக்கள்மேல் தட்டினார். திருநீறு பூசிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டதுபோல் அவை பறந்தன. நான் மோட்டார் சைக்கிளை ஓட்ட, அண்ணி பின்னால் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தபடி வழி சொன்னார்.

"இடது பக்கம் புள்ள. இல்ல இல்ல, அது தேனீ இல்ல, தும்பிலா."

மூன்று தடவை கோட்டைவிட்டோம். ஒரு தடவை மோட்டாரோடு வாய்க்காலில் இறங்கி, எழுந்திருக்க முடியாமல் சேற்றில் கிடந்து சிரித்தோம். சேற்றோடு சேறாக, தேங்காய்ப்பாலில் ஐஸும் சிரப்பும் ஊற்றித் தரும் முச்சந்திச் செண்டோல் கடைக்கு வந்து, கை கழுவத் தண்ணீர் கேட்கும்போதுதான் பார்த்தேன். சிவப்பு சிரப் ஜாடியின் விளிம்பில், மாவு பூசிய நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்தார். "உங்க வீட்டு ஆளுங்களா? தெனமும் வர்றாங்க. ஐஸ் மட்டும் வேணாங்கிறாங்க."

அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

காட்டுப் பூ என்று சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் பேசி முடிவு செய்தோம். அந்த அம்மா மறுபடி வந்தபோது அண்ணி முகத்தை இறுக்கிக்கொண்டு, "காட்டுல ஒரு பூ..." என்று மலாயில் ஆரம்பித்தார். என்னைப் பார்த்ததும் அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் அந்த அம்மாவைச் செண்டோல் கடைக்கே அழைத்துப் போய்க் காட்டினோம். அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கடைக்காரர் ஜாடிக்கு மூடி போடத் தயாராக இருந்தார். அந்த அம்மா ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே பால்மரங்களுக்கு நடுவில் புல்லெல்லாம் களைமருந்தில் கருகிக் கிடந்தது. தேனீ அங்கேயும்தானே போகும், அதற்கு எப்படி மூடி போடுவீர்கள் என்றார். பெட்டிகளை வெகுதூரம் தள்ளி வைக்க வேண்டுமாம். தோட்டம் கொடுத்த வீட்டில் இருக்கும் நாங்கள் எங்கே கொண்டுபோய் வைப்பது?

பிறகு அவர், அந்தச் சிவப்புத் தேன் மிச்சம் இருக்கிறதா என்று தயங்கிக் கேட்டார். இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டு போனார்.

சான்றிதழ் வரவே இல்லை. அவர் கார் மறைந்ததும் அண்ணி கடைக்காரரிடம் இரண்டு கிண்ணம் செண்டோல் கேட்டார்; சிரப்பைத் தாராளமாக ஊற்றச் சொன்னார்.