மழைக்குக் கழித்த இரண்டு

நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். போன தவணை விடைத்தாள்களைத் திருத்தியபோது அது உச்சந்தலைக்கே ஏறியது. காபன் பன்னிரண்டில் எத்தனை நியூத்திரன்? ஆறு. சரி. காபன் பதினான்கில்? அதற்கும் ஆறு. யார் இந்த மேதாவி என்று பார்த்தால், பதினோராம் வகுப்பில் நான் பெரிதாக நம்பியிருந்த பிள்ளை.

பதுளைக்குப் போய் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க அவளுக்கு ஆசை. அவளுடைய அம்மா கொழுந்து பறிப்பவர். மகளைப் படிக்க விடுவதா, கொழும்புக்குத் தையல் வேலைக்கு அனுப்புவதா என்று என்னிடம் கேட்டு முடிவெடுக்க அன்று பின்னேரம் வருவதாக இருந்தார். நல்ல நேரம் பார்த்துத்தான் இவள் கோட்டை விட்டிருக்கிறாள் என்று எரிச்சலோடு கூப்பிட்டேன்.

"திணிவெண் பதினாலு. புரோத்தன் ஆறு. கழிச்சா எத்தனை?"

"எட்டு டீச்சர்."

"பெறகு ஏன் ஆறுன்னு எழுதின?"

"ரெண்டும் காபன்தானே டீச்சர். ஒரே சாமான் எடை கூடினா, அது தண்ணிதானே. மழை நாள்ல அம்மாவோட கொழுந்துல ஈரத்துக்குன்னு ரெண்டு கிலோ கழிப்பாங்க. அதான் நானும் கழிச்சிட்டேன்."

முகத்தைக் கடுகடுவென்று வைத்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. சிரிப்புப் பீறிட்டு வந்தது. நானும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள்தான். அந்தக் கழிவுக்காக என் அம்மா திட்டாத மழைக்காலம் இல்லை.

கரும்பலகையில் இரண்டு அணுக்கருக்களை வரைந்தேன். இரண்டிலும் புரோத்தன் ஆறு, அதனால் இரண்டும் காபன். இரண்டாவதில் நியூத்திரன் எட்டு. "இது ஈரமில்லம்மா. உள்ளுக்குள்ள உள்ள சொந்தப் பாரம். இப்படி இருக்கிறதைத்தான் சமதானி, ஐசோடோப்புன்னு சொல்றது."

அவள் கரும்பலகைக்குக் கிட்ட வந்தாள். பிறகு என் கையிலிருந்த சோக்கை வாங்கி, ஐதரசனை நியூத்திரன் இல்லாமல் ஒன்று, ஒரு நியூத்திரனோடு ஒன்று, இரண்டோடு ஒன்று என்று தானாகவே வரைந்துவிட்டு, "இப்படியும் இருக்கா டீச்சர்?" என்றாள். இருக்கிறது என்றேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அவளுடைய அம்மா இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக் கூட அவிழ்க்காமல் மலையிலிருந்து நேரே வந்தார். "மக படிச்சிருவாளா டீச்சர்? உள்ளதச் சொல்லுங்க."

நடந்ததை ஒன்றுவிடாமல் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த ரெண்ட யாரும் கழிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கக்கா. இருக்கிற எடை முழுசும் அதுக்கே சொந்தம்."

அவர் மகளின் பக்கம் திரும்பினார்.

"அப்படின்னா நீ அதையே படி."