ஸ்டாப் வந்துடுச்சு

நனைந்த கித்தான் குழாய் வெயிலில் காயும்போது ஒரு வாசனை வரும். ஈரக் கோணியும் சேறும் கொஞ்சம் கரியும் சேர்ந்த வாசனை. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தீயணைப்பு நிலையத்தின் பின்னால், பன்னிரண்டு வீடுகள் வரிசையாக நின்ற குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்குக் காலை என்றாலே அந்த வாசனைதான். "ஓஸ்" என்று நாங்கள் சொல்லும் அந்தக் குழாய்கள் காயும் கம்பிக்குப் பக்கத்திலேயே எங்கள் துணிகளும் காயும். என் சீருடையில் புகை நாறுகிறது என்று வகுப்பில் யாராவது மூக்கைப் பிடித்தால், "எங்கப்பா நெருப்பாண்ட போறவரு, உங்கப்பா எங்க போறாரு?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு வாய் நீளம். நான் சொல்லப்போவதும் அந்த வாயால் வந்த வினைதான்.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. மணி அடித்து வண்டி கிளம்பிவிட்டால், அதில் ஆள் போன வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். எரிந்துகொண்டிருந்தாலும் அணைத்துவிடுவார்கள். யார் தொடங்கியது என்று எவருக்கும் தெரியாது. ஏன் என்று கேட்டால், "அங்க அவுரு நெருப்பாண்ட நின்னுகினு கீறாரு, இங்க நாம நெருப்ப மூட்டிக்கினு குந்தினா நல்லாவா கீது?" என்பாள் அம்மா. தீ பிடித்த இடத்திலிருந்து வயர்லெஸ்ஸில் "ஸ்டாப்" என்று ஒரு செய்தி வரும். அது நிலையத்தில் போனும் வயர்லெஸ்ஸும் இருக்கும் வாட்ச்ரூமுக்கு வந்ததும், அங்கே உட்கார்ந்திருக்கும் தாஸ் மாமா ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பார். அப்புறம்தான் அடுப்புகள் எரியும், குழம்பு கொதிக்கும், பெண்கள் ஒருவரோடொருவர் பேசுவார்கள். எங்களுக்கு "ஸ்டாப்" என்றால் தீ அணைந்தது, அப்பா பிழைத்தார் என்று பொருள்.

ஒரு சனிக்கிழமை காலை மணலிப் பக்கம் எண்ணெய்க் குடோன் ஒன்று பற்றிக்கொண்டது. மூன்று வண்டிகளும் போய்விட்டன, அப்பா முதல் வண்டியில். பன்னிரண்டு வீட்டிலும் அடுப்பு அணைந்தது. டீக்கடை பன்னை டீயில் நனைத்துத் தின்றுவிட்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். பத்து ஆனது, பன்னிரண்டு ஆனது, வடமேற்கே வானம் மட்டும் கறுத்துக்கொண்டே போனது. அம்மா அரிசியைக் களைந்து, தண்ணீர் ஊற்றி, அடுப்பின் மேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயம் பாதி, பசி பாதி.

வாட்ச்ரூம் ஜன்னலில் போய்த் தொற்றிக்கொண்டேன். தாஸ் மாமா போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வயர்லெஸ் கரகரத்தது. வேறொன்றும் புரியவில்லை, "ஸ்டாப்" என்ற ஒரே ஒரு சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. எனக்கு அது போதும். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, "ஸ்டாப் வந்துடுச்சு! ஸ்டாப் வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

ஒரே நிமிடத்தில் எல்லா அடுப்புகளும் எரிந்தன. பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்கா என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்துவிட்டு மீன் வறுக்க உட்கார்ந்தாள். அந்த வாசனைதான் காட்டிக்கொடுத்தது. தாஸ் மாமா அரக்கப்பரக்க ஓடிவந்தார்.

"இன்னாம்மா இது, யாரு அடுப்பு பத்த வெக்கச் சொன்னது? ஸ்டாப்பே வர்லியே!"

கல்மண்டபம் பக்கம் எங்கோ குப்பை எரிந்திருக்கிறது. வேறு நிலையத்து வண்டி போய் அணைத்துவிட்டு அதே வயர்லெஸ்ஸில் சொன்ன ஸ்டாப் அது. ஒவ்வொரு வீடாக அடுப்பு அணையும் சத்தம் "டக், டக்" என்று கேட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அம்மா அரைவேக்காட்டுச் சோற்றை மூடிவைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். என் வாயால்தான் அப்பாவுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

உண்மையான ஸ்டாப் மூன்று மணிக்கு வந்தது. ஐந்தரைக்கு அப்பா வந்தார், இடது கையில் கட்டோடு. அம்மா கையைப் பிடித்துப் பார்த்து, "எப்ப ஆச்சு?" என்றாள். "ஸ்டாப்புக்கு முன்னாடி" என்றார் அப்பா. மதியம் பாதி வெந்து மறுபடி வேகவைத்து மாவாகிப் போன சோற்றை வழித்துச் சாப்பிட்டார்.

ஓஸ் கம்பிக்குக் கீழே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த என்னிடம் பிறகு வந்தார்.

"இன்னாத்துக்கு அழுவுற? நீ சொன்ன ஸ்டாப்பும் ஒண்ணுதான், அவுங்க சொல்ற ஸ்டாப்பும் ஒண்ணுதான். ஸ்டாப்னா நெருப்பு அணைஞ்சிடுச்சுன்னு இல்லம்மா. வந்த வண்டியே போதும், இனிமே வேற வண்டி வேணாம்னு அர்த்தம். அப்பாலயும் எரிஞ்சுகினுதான் இருக்கும். இந்தக் கை வெந்ததே ஸ்டாப் குட்த்தப்புறம்தான்." வீட்டுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, "அம்மா கைல சொல்லாத. பாவம், அந்த ஒரு வார்த்தைய நம்பிக்கினு கீறா" என்றார்.

நான் சொல்லவில்லை. இந்த நீள வாய்க்காரி முப்பது வருடம் கட்டிக் காத்த ஒரே ரகசியம் அதுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் அம்மா நிம்மதியாக அடுப்பு பற்றவைக்கும்போது, நான் வாசலில் போய் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். குவார்ட்டர்ஸை இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். ஓஸ் கம்பியும் இல்லை, வாட்ச்ரூம் ஜன்னலும் இல்லை. இப்போது வண்டியில் போனவர்களை வீட்டுக்காரம்மாக்கள் செல்போனில் கூப்பிட்டே கேட்டுவிடுகிறார்கள். அடுப்பை யார் அணைக்கிறார்கள்? அங்கிருந்து நேராக மாத்தூருக்கு, அப்பா ஓய்வு பெற்றபின் வாங்கிய சின்ன வீட்டுக்குப் போனேன். மனம் தாங்காமல் சமையற்கட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மா அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"அது எனக்குத் தெரியுமே. கல்யாணம் ஆன புதுசுலயே தாஸ் அண்ணன் சொல்ட்டாரு."

"அப்போ எதுக்கும்மா ஸ்டாப் வந்ததும் அடுப்பப் பத்தவெச்சே?"

"அவுரு பசியோட வருவாரு இல்ல? அதுக்குள்ள சோறு ஆவ வாணாமா?" தண்ணீரை வடித்துவிட்டுச் சொன்னாள்: "வாசல்ல காலு வெக்கிற வரைக்கும் எனக்கு எந்த ஸ்டாப்பும் வந்ததில்லடி. நான் பயந்துகினு கீறேன்னு தெரிஞ்சா அவுரு அங்க நெருப்பாண்ட எப்டி நிப்பாரு? இப்பவும் அவுரு கைல சொல்லாத. எனக்குத் தெரியாதுன்னே நெனச்சுக்கினு இருக்கட்டும்."

கூடத்திலிருந்து அப்பா, "சோறு ஆச்சா?" என்று குரல் கொடுத்தார். "தோ, இப்பதான்" என்று சொல்லிக்கொண்டே அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள்.