நுழைவுச்சீட்டு வாங்கியது என் மனைவிதான்

பழைய இத்தாலியக் கொலைப்படங்களைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசக்கூடியவன். யாரும் கேட்டதில்லை, அது வேறு. கேட்க ஒருவர் அகப்பட்டது இந்த வருடம்தான். சென்னையிலிருந்து ஒஸ்லோவுக்கு ஆராய்ச்சி வேலைக்கு வந்தவர். தமிழ்த் திருப்பலியில் அறிமுகம். அவருடைய மகள் என் மனைவியிடம் மறைக்கல்வி படிக்கிறாள். முதன்முதல் நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு என் மனைவி இருபது வருடமாக முதல்நன்மை வகுப்பு நடத்துகிறார். பிள்ளைகளின் பெற்றோர் அவரைக் கண்டால் குரலைத் தாழ்த்துவார்கள். என்னைக் கண்டால் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள்.

மூன்று ஞாயிறுகள் திருப்பலி முடிந்ததும் அந்தச் சென்னைக்காரரைக் கோப்பியோடு ஒரு மூலையில் நிறுத்திவைத்தேன். இத்தாலியர் இந்த வகைக்கு ‘மஞ்சள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அது மலிவுத் துப்பறியும் நாவல்களின் அட்டை நிறம், நம்முடைய மஞ்சள் பத்திரிகையோடு சம்பந்தமில்லை என்று விளக்கினேன். சம்பந்தம் உண்டென்று எனக்குத் தெரியும். நகர மையத்தில் ஒரு சின்னத் திரையரங்கில் அப்படியொரு படம், ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு. முப்பது வருடமாக நான் பார்க்க ஆசைப்பட்டது. தனியாகப் போனால் அது வேறு ஆசை, இரண்டு குடும்பமாகப் போனால் கலை. அவர்களையும் அழைத்தேன். நோன்பிருக்கும் தவக்காலம் என்பதைக் கவனிக்கவில்லை என்று எழுதலாம். கவனித்தேன்.

கைபேசியில் அட்டை எண் அடிக்க எனக்குப் பொறுமை கிடையாது. மனைவியிடம் கொடுத்தேன்.

“என்ன படம்?” என்றார்.

“இத்தாலிப் படம். கலைப்படம். நாலு ரிக்கற் எடும்.”

எடுத்தார்.

படம் தொடங்கி ஏழாவது நிமிடத்தில் முதல் பெண் குளிக்கப் போனாள். ஊரில் கொலைகாரன் திரிகிறான் என்று வானொலி சொல்லி முடித்த கையோடு, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு. சென்னைக்காரரின் மனைவி சால்வையை மூக்குவரை இழுத்துவிட்டார். அவர்கள் எழும்பவில்லை, அழைத்தவர்கள் நாங்கள் என்று. நாங்கள் எழும்பவில்லை, விருந்தினர் அவர்கள் என்று. மரியாதையின் பேரில் நான்கு தமிழர் ஆறு கொலைகளையும் அதைவிட அதிகமான குளியல்களையும் கடைசிவரை பார்த்தோம்.

வெளியே வந்ததும் சென்னைக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். யாராவது ஏதாவது சொல்லவேண்டியிருந்தது. நான் சொன்னேன், என் மனைவியைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி:

“ரிக்கற் எடுக்கேக்கை வயதெல்லையைப் பாக்கேல்லையே நீர்?”

பிறகு அவர்களிடம் திரும்பி, “இவதான் எடுத்தவ. இப்பிடிப் படமெண்டு நானும் நினைக்கேல்லை” என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தார். மேலங்கியின் பொத்தான்களைப் பூட்டினார், கீழிருந்து மேலாக.

சுரங்க ரயிலில் அந்த அமைதியைத் தாங்க முடியாமல் படத்தின் குறைகளை விளக்கத் தொடங்கினேன். கொலைகாரன் கோடைகாலத்திலும் கறுப்புத் தோல் கையுறையோடு திரிகிறான், ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. பின்னணிக் குரல் உதட்டோடு ஒட்டவில்லை, ஓர் இடத்தில் கத்தி வருமுன்னே அலறல் வந்துவிட்டது. இரத்தம் ரோஸ் சர்பத் நிறம். சாகிற பெண்ணெல்லாம் உடுப்பில்லாமல் சாகிறாள், சாகிற ஆண் கழுத்துப்பட்டியோடு சாகிறான். இதையெல்லாம் பொறுக்கலாம். “ஆனா முடிவுதான் மோசம், தம்பி. ஒரு சாட்சியமும் இல்லாமல், கடைசி அஞ்சு நிமிசத்திலை பழியைக் கொண்டுபோய் டொக்டரின்ர மனிசியின்ர தலையிலை போட்டிட்டான்.”

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது. “ஆமாண்ணா” என்றார் அவர். என் மனைவி யன்னல் பக்கம் திரும்பியிருந்தார். வெளியே சுரங்கம், பார்க்க ஒன்றுமில்லை. அவர்கள் முதலில் இறங்கினார்கள். நாங்கள் எங்கள் வீடிருக்கும் எல்லிங்ஸ்ருட்டில் இறங்கினோம்.

அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரவில்லை.

“பிள்ளையை வராமல் மறிச்சிட்டினம்” என்றார் மனைவி. கோபமில்லை. இருபது வருடத்தில் அவருடைய வகுப்பிலிருந்து ஒருவரும் பிள்ளையை எடுத்ததில்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. என் பங்கை நான் சாப்பிட்டேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று நாள் தள்ளி, ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் மனைவி கடைக்குள் போன சமயம், காருக்குள் இருந்தபடி சென்னைக்காரரை அழைத்தேன். படத்தைத் தெரிந்தெடுத்தவன் நான்தான் என்று சொன்னேன்.

“அது தெரியுமேண்ணா. மூணு வாரமா அதத்தானே சொல்லிட்டிருந்தீங்க?”

“அப்ப மகளை ஏன் அனுப்பேல்லை?”

“பாப்பாவுக்கு ஜுரம்ணா.”

“அண்டைக்கு ஏன் ஒண்டும் சொல்லேல்லை?”

“அக்காவே எதுவும் சொல்லலையே. நாங்க எப்படிச் சொல்றது?” கொஞ்சம் நிறுத்தினார். “வீட்டுக்கு வந்து என் வொய்ஃப் அழுதுட்டாண்ணா. படத்தைப் பாத்து இல்ல.”

நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன். பொய் சொல்லி மாட்டிக்கொள்வதில் எனக்குப் பழக்கமுண்டு. ஒருவரும் நம்பாத பொய்யைச் சொல்லி, அதற்காக ஒருத்தியை எல்லார் முன்னும் நிறுத்திவைத்தது அதுதான் முதல் தடவை என்று எழுத விரும்புகிறேன். நிச்சயமில்லை.

மனைவி பைகளோடு வந்து ஏறியதும் சொன்னேன். “பிள்ளைக்குக் காய்ச்சலாம். மறிக்கேல்லை. படம் நான் தெரிஞ்செடுத்ததெண்டும் சொல்லிப்போட்டன். அவைக்கு முதலே தெரியுமாம்.”

“தெரியுமோ?”

“ஓம்.”

“அப்ப அண்டைக்கு ஆருக்குச் சொன்னனீங்கள்?”

சாவியைத் திருப்பினேன். இருக்கைப் பட்டியைப் போட்டுக்கொண்டு அவரே தொடர்ந்தார். “போனிலை சொன்னது காணாது. என்னைப் பக்கத்திலை நிக்கவைச்சுச் சொன்னனீங்கள். அப்பிடியே நிக்கவைச்சுச் சொல்லுங்கோ.”

ஞாயிறு திருப்பலி முடிந்து எல்லாரும் கோப்பிக்கு நின்றார்கள். பிள்ளை வந்திருந்தாள். வகுப்புக்குள் ஓடும்வரை காத்திருந்து, அவர்கள் இருவர் முன்னும், மனைவி பக்கத்தில் நிற்க, சொன்னேன். “படத்தைத் தெரிஞ்செடுத்தது நான். எப்பிடிப்பட்ட படமெண்டும் எனக்குத் தெரியும். இவவுக்கு ஒண்டும் தெரியாது. அண்டைக்கு நான் பொய் சொன்னனான்.” முடிவில் சிரிக்கவைக்க ஒரு பகிடி தயாராக இருந்தது. நல்ல பகிடி. வாயைத் திறந்தேன், மூடினேன்.

“பரவாயில்லைண்ணா” என்று ஒருவராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். தமிழர் சொல்வார்கள். அவர்கள் சொல்லவில்லை.

மனைவி சென்னைக்காரரின் மனைவியிடம், “காய்ச்சல் வடிவா விட்டிட்டுதோ? இருமல் இருக்கே?” என்று கேட்டார். அந்தப் பெண் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் வகுப்பறைப் பக்கம் நடந்தார்கள்.

நாங்கள் இரண்டு ஆண்கள் கோப்பியோடு மிஞ்சினோம்.

“ரோட்ல ஐஸ் ரொம்ப வழுக்குதுண்ணா” என்றார் அவர்.

“ஓம்” என்றேன்.