சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வண்டி

அந்த மெக்கானிக்குக் 'காது' என்று பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் பெண்டாட்டியே மறந்திருப்பாள். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே, பட்டறைக்குள் இருந்தபடி, "பெல்ட் தளர்ந்திருக்கு" என்பார். சொன்னது பொய்த்ததில்லை. இருபத்தெட்டு வருஷம் அந்தக் காதுதான் சோறு போட்டது. கூடவே கர்வத்தையும் ஒரு கரண்டி போட்டுவிட்டது.

அவர் பெண்டாட்டியோடு பிறந்தவர்கள் நாலு பேர். கடைக்குட்டித் தம்பி அவரோடேயே வேலை பார்த்தான். அக்கா கல்யாணமாகிப் புறப்பட்ட அன்று அவள் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதவன். இப்போது அவனுக்கே பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள்.

ஒருநாள் டீச்சர் ஒருத்தி, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற ஹைப்ரிட் காரைக் கொண்டுவந்து விட்டாள். பட்டறைக்கு அந்த ரகம் அதுதான் முதல்.

"அண்ணே, சத்தம் வரலைன்னாலும் இது ஓடிட்டிருக்கும். பட்டனை அமுத்தி அணைச்சிட்டுக் கையை வையுங்க."

"மீனுக்கு நீச்சல் சொல்லித் தரீங்களா டீச்சர்?" என்று சிரித்தார் காது. பட்டறையே சிரித்தது.

பானெட்டைத் தூக்கினார்கள். உள்ளே மூச்சுப் பேச்சில்லை. டேஷ்போர்டில் பச்சை விளக்கு ஒன்று எரிவதைக் காது பார்த்தார். என்ன விளக்கு என்று அவருக்குத் தெரியாது. யாரையாவது கேட்கலாம், கேட்டால் இத்தனை வருஷப் பெயர் என்னாவது என்று விட்டுவிட்டார்.

"மாமா, அணைஞ்சிருக்கா?" என்றான் மச்சினன்.

"என் காது என்ன செத்தா போச்சு? கையை விட்டு பெல்ட்டைப் பாருடா."

விட்டான். பேட்டரி இறங்கியிருந்ததால் இஞ்சின் தானாகவே எழுந்து ஓடியது. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது.

ஆஸ்பத்திரியில், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பட்டறை முதலாளி கேட்டார்: "எப்படிய்யா நடந்துச்சு?"

மனசு யோசிப்பதற்குள் காதின் வாய் முந்திக்கொண்டது. "அவசரக்குடுக்கை. நான் அணைக்கிறதுக்குள்ள கையை விட்டுட்டான்."

மச்சினன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். மருந்து மயக்கம் என்று காது நினைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் பெண்டாட்டி தினமும் தம்பி வீட்டுக்குப் போய்ச் சோறு ஊட்டினாள். ஊட்டுகிற கையோடு திட்டும் நடக்கும். "எருமைக்கு இருக்கிற நிதானம் உனக்கில்லையேடா! மாமா சொன்னா கேக்கணும்ல?" காது ஒருநாள் அவளோடு போய் அதைக் கேட்டார். மறுநாளிலிருந்து பட்டறையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

பத்தாம் நாள் முதலாளி கூப்பிட்டார். "கட்டு பிரிச்சதும் உன் மச்சினனை வேற இடம் பாத்துக்கச் சொல்லு. அவசரக்காரனை வெச்சுக்கிட்டு என்னால மல்லுக்கட்ட முடியாது."

காது ஒரு அடி முன்னால் வந்தார். "அணைஞ்சிருக்கான்னு அவன் கேட்டான் முதலாளி. அணைஞ்சிருக்குன்னு நான்தான் சொன்னேன். டீச்சர் அவ்ளோ சொல்லியும் நான் பட்டனை அமுத்தல."

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "பத்து நாளா வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?" அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவனை வரச் சொல்லு" என்றார். 'நீயும் வா' என்று சொல்லவில்லை.

நேராக மச்சினன் வீட்டுக்குப் போனார். பெண்டாட்டி ஊட்டிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றபடியே, ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தார். அவள் கை பாதியில் நின்றது.

"ஏண்டா, உனக்குத் தெரியாதா இது?" என்று தம்பியைத்தான் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில மாமா சொல்றப்போ முழிச்சுதான்கா இருந்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல? பத்து நாளா என்கிட்ட திட்டு வாங்குனியே!"

"உன் புருஷனைப் பத்தி உன்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

மிச்சச் சோற்றையும் அவள் ஊட்டி முடித்தாள். தட்டைக் கழுவ எழுந்தாள். குறுகலான வாசற்படி, காது ஒதுங்கி வழிவிட்டார். அவர்மேல் தோள்கூடப் படாமல் அவள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வெளியே போனாள்.