வெள்ளை மேகத்தை நம்பித் தோற்ற ஆட்டம்

பெங்களூர் மர்பி டவுனில் என் மைத்துனனுக்கு ஒரு டென்னிஸ் பந்து கிரிக்கெட் அணி உண்டு. அவன்தான் கேப்டன். எனக்கு மட்டை பிடிக்கவும் வராது, பந்து போடவும் வராது. அக்கா வீட்டுக்காரர் என்பதால் பதினோராவது ஆளாகச் சேர்த்திருந்தான். சும்மா நிற்கிறோமே என்ற கூச்சத்தில் நானே ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் விடிவதற்குள் போனில் செயற்கைக்கோள் மேகப் படத்தைப் பார்த்து, மழை வருமா வராதா என்று எல்லோருக்கும் வாட்ஸாப்பில் சொல்லிவிடுவேன். ஏழெட்டு வாரம் வராது என்றேன், வரவில்லை. அது மழையே இல்லாத காலம் என்பதை யாரும் யோசிக்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

அரையிறுதி ஆட்டம் காலை ஏழு மணிக்கு. ஐந்து மணிக்குப் படத்தைத் திறந்தால் பெங்களூருக்கு மேல் பளீரென்று ஒரே வெள்ளை. மைத்துனனைக் கூப்பிட்டு, கொட்டித் தீர்க்கப் போகிறது, யாரும் கிளம்ப வேண்டாம் என்றேன். எதிரணியைக் கேட்க வேண்டாமா என்றான். அவர்களும் படம் பார்ப்பார்கள் என்றேன்.

அவர்கள் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்திருக்கிறார்கள். எட்டு மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. ஆடாமலே ஜெயித்துப் போனார்கள். துணி உலர்த்த மாடிக்குப் போகும் வழியில் மனைவி என் பக்கம் நின்று, "உங்க மழையில இந்தப் பெட்ஷீட் காயுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று முழுக்க உட்கார்ந்து படித்தேன். இருட்டில் எடுக்கும் படம் வெப்பத்தை வைத்து வரைவதாம், குளிர்ந்ததெல்லாம் வெள்ளை. ரொம்ப உயரத்தில் குளிர்ந்து கிடக்கும் மேகம் சல்லாத்துணிபோல மெல்லிசாக இருந்தாலும் அதில் வெள்ளையாகத்தான் தெரியும். வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும். இதை மைத்துனனிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, இனிமே நீங்க தண்ணி பாட்டிலை மட்டும் பாத்துக்குங்க," என்றான்.

பார்த்துக்கொண்டேன். மே மாதம் ஒரு மாலை ஆட்டத்தில், ஓசூர் பக்கம் இரண்டு படங்களிலும் தடித்த வெள்ளைத் திட்டு, பார்க்கப் பார்க்கப் பெருத்தது. சொன்னேன். சிரித்தார்கள். இரண்டாவது பாதியில் ஆலங்கட்டியோடு மழை பிடித்துக்கொண்டது. டீக்கடைத் தகரத்துக்கு அடியில் எல்லோரும் ஒண்டினோம். மைத்துனன் தலையைத் துவட்டியபடி, எப்போது விடும் என்று மெதுவாகக் கேட்டான். படத்தைத் திறந்தேன். கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். ஒரு மணி நேரமாவது ஆகும் என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. டீ சொல்லிவிட்டு உட்கார இடம் தேடினார்கள்.